செய்தி ஒன்றே, கேட்கும் செல்கள் வேறு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், செல்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருள்களால் செய்தி அனுப்பிக்கொள்வதையும், அச்செய்தி மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுவதையும், அந்த ஒழுங்கு குலையும்போது நோய் பிறப்பதையும் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல கடிதங்களில் குடும்பத்தாரின் நோய் விவரங்கள் இருப்பதால், பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

பாம்பனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியானால் கல்லீரல் கல்லீரலாகவும் கண் கண்ணாகவும் இருப்பது எப்படி என்று ஒரு மாணவன் கேட்டான். ‘மரபணு வெளிப்பாடு’ என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்க இயலவில்லை. ஒரே ஹார்மோன் இரத்தத்தில் ஓடும்போது ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உங்கள் மாணவன் கேட்டது இத்துறையின் மையக் கேள்வி. அவனிடம் என் பாராட்டைத் தெரிவியுங்கள்.

மனிதனிடம் புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. முதிர்ந்த சிவப்பணுவைப் போல உட்கருவையே இழந்துவிட்ட சில செல்களை விலக்கிவிட்டுப் பார்த்தால், கல்லீரல் செல்லிலும் விழித்திரைச் செல்லிலும் இருப்பது ஒரே தொகுப்புதான். ஆனால் எந்தச் செல்லும் அத்தனையையும் பயன்படுத்துவதில்லை. கல்லீரல் செல் அல்புமின் என்னும் புரதத்தின் மரபணுவை ஓயாமல் ஆர்என்ஏவாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறது. விழித்திரையில் அதே மரபணு சுருண்டு மூடிக் கிடக்க, ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் மரபணு அங்கே இயங்குகிறது. எந்த மரபணு, எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட்டுப் புரதமாகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். லாக்டோஸ் சர்க்கரை கிடைக்காதபோது, அதைச் செரிக்கும் நொதிகளின் மரபணுக்களைக் குடல் பாக்டீரியா ஓர் அடக்கிப் புரதத்தால் தடுத்து வைத்திருக்கிறது என்பதையும், சர்க்கரை வந்ததும் அந்தப் புரதம் டிஎன்ஏவை விட்டு விலகிவிடுகிறது என்பதையும் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 1961-இல் விளக்கினார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு செய்தி மரபணு வரை எட்டும் என்பது அப்போதுதான் தெளிவாகப் புலப்பட்டது.

இனி, ஹார்மோன் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி. பாம்பனில் இருக்கும் உங்களுக்குத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது பழகிய காட்சி. ஏறுவது ஒரே கூண்டுதான். அதைக் கண்டதும் விசைப்படகுக்காரர் நங்கூரத்தைப் பலப்படுத்துகிறார். வள்ளம் வைத்திருப்பவர் அதை மேட்டில் ஏற்றுகிறார். மணலில் கருவாடு காயப்போட்டவர்கள் அள்ளிக் கட்டுகிறார்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்று கூண்டில் எழுதியிருக்கவில்லை. பார்ப்பவரின் தொழிலே அவர் செய்வதைத் தீர்மானிக்கிறது. அட்ரினலினும் அவ்வாறே. அச்சம் வந்ததும் சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியிலிருந்து அது இரத்தத்தில் கலக்கிறது. இதயச் செல் வேகமாகத் துடிக்கிறது. மூச்சுக்குழாயின் தசை தளர்கிறது. கல்லீரல் தன் கிளைக்கோஜன் சேமிப்பை உடைத்துச் சர்க்கரையாக வெளியே விடுகிறது. குடலின் அசைவு மந்தமாகிறது.

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். செல்லின் மேலுறையில் நிற்கும் ஏற்பி என்னும் புரதத்தை அது தொடுகிறது, ஏற்பி உருமாறுகிறது, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது, அது அடுத்தடுத்த நொதிகளைத் தூண்டி, இறுதியில் மரபணுக்கள் வரை செல்கிறது. இந்தச் சிறு மூலக்கூற்றைக் கல்லீரல் ஆய்வில் கண்டறிந்த எர்ல் சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகளின் அமைப்பையும் இயக்கத்தையும் விளக்கிய ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகியோருக்கு 2012-இல் கிடைத்தது.

இது பாடநூலோடு நின்றுவிடும் செய்தி அன்று. அட்ரினலினைக் கேட்கும் ஏற்பிகளில், இதயத்தில் பீட்டா-1 வகை ஏற்பியும் மூச்சுக்குழாயில் பீட்டா-2 வகை ஏற்பியும் மிகுதி. ஆஸ்துமாக்காரர் இழுக்கும் சால்பியூட்டமால், பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாயைத் திறக்கிறது. இதயத் துடிப்பைத் தணிக்கவும் நடுக்கத்துக்கும் தரப்படும் புரோப்ரனலால் இரு வகையையும் அடைத்துவிடும்; ஆஸ்துமா உள்ளவர் அதை விழுங்கினால் மூச்சு இறுகிப்போகக்கூடும். ஆகவே, வீட்டில் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை உங்கள் மாணவர்கள் தத்தம் வீடுகளில் தடுத்தாலே இந்தப் பாடம் பயன்பட்டதாகக் கொள்ளலாம்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: என் வாப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய். ‘சி.எம்.எல்.’ என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். “இது ஜீன் கோளாறு” என்று மருத்துவமனையில் சொன்னதிலிருந்து, பிள்ளைகளான எங்களுக்கும் வந்துவிடுமோ என்று உம்மா கலங்கிப்போயிருக்கிறார். நன்றாக இருப்பவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன? நோன்பு வைக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: வாப்பாவின் இந்த நோய் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இறங்குவதன்று. ‘ஜீன் கோளாறு’ என்ற சொற்றொடர் இரண்டு வேறுபட்ட நிலைகளுக்கும் வழங்குவதால்தான் இக்கலக்கம். கருவிலேயே வந்து உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மாற்றம் ஒரு வகை. வாழ்நாளின் இடையில், எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு செல்லில் நேர்ந்து, அதன் வழிவந்த செல்களில் மட்டும் தொடரும் மாற்றம் இன்னொரு வகை. வாப்பாவுக்கு நேர்ந்தது இரண்டாவது. விந்திலும் முட்டையிலும் அது இல்லாதபோது, பிள்ளைக்குச் செல்ல வழியே இல்லை.

இந்நோயின் வரலாறு, மூலக்கூறு ஆய்வு ஒரு நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்த கதை. ஆகவே சற்று விரித்தே சொல்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் வெள்ளணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமை 1960-இல் கண்டார்கள். அது குட்டையானது ஏன் என்பதை 1973-இல் ஜேனட் ரவுலி கண்டறிந்தார்: 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில், ஏபிஎல் என்ற மரபணு பிசிஆர் என்ற மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. (கொரோனா காலத்துப் பிசிஆர் சோதனையோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், எழுத்துகள் வேறு.) ஏபிஎல் தரும் புரதம் ஒரு நொதி, செல்லுக்கு ‘பெருகு’ என்னும் செய்தி வரும்போது மட்டும் இயங்கிவிட்டு அடங்க வேண்டியது. ஒட்டுப்போட்ட பின் அது அடங்குவதில்லை. செய்தி எதுவும் வராமலேயே ‘பெருகு, பெருகு’ என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறது. வெள்ளணுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன.

அந்த நொதி இயங்குவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு அதன் ஒரு குழிவில் வந்து அமர வேண்டும். அக்குழிவில் தானே அமர்ந்து ஏடிபியை வரவிடாமல் தடுக்கும் மருந்துதான் இமாட்டினிப். 2001-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், மாத்திரையால் கட்டுக்குள் நிற்கும் நோயாக மாறியது. நம் நாட்டில் இம்மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 1.4.2013 அன்று தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் குறைந்த விலை மாத்திரை தொடர்ந்து கிடைப்பதற்கு அத்தீர்ப்பு பெரிய காரணம். ஏழை வீட்டு நோயாளியும் உயிரோடு இருப்பதற்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது என்பதை இவ்வழக்கில் கண்டேன்.

மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது நொதியைத் தடுக்கிறதே தவிர, ஒட்டுப்போட்ட குரோமோசோமைத் திருத்துவதில்லை. மூலச் செல்கள் சில மஜ்ஜையில் உறங்கியபடி எஞ்சியிருக்கக்கூடும். விட்டு விட்டுச் சாப்பிடும்போது நோய் மீண்டும் தலைதூக்குவதோடு, நொதியின் 315-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிய செல்களைப் போன்றவை பெருகிவிடவும் இடமுண்டு. அவற்றின் குழிவில் இமாட்டினிப் அமர முடியாது. பல ஆண்டுகள் ஆழ்ந்த கட்டுப்பாட்டில் இருந்த சிலருக்கு, மருத்துவர்கள் அடிக்கடி இரத்தம் சோதித்தபடி மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு; அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் தொடங்க வேண்டியதாகிறது. நோன்பைப் பொறுத்தவரை, இம்மாத்திரையை உணவோடும் ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடும் விழுங்க வேண்டும் என்பது முக்கியம். பெரும்பாலோர்க்கு நாளுக்கு ஒரு வேளைதான் என்பதால், அந்த வேளையை எப்படி அமைப்பது என்பதை ரமலான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சின்னப்பாலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என் அம்மாவும் அப்பத்தாவும் பாசி எடுக்கக் கடலில் மூழ்கிப் பழகியவர்கள். இத்தனை ஆண்டுகள் மூச்சடக்கியதால் அம்மாவின் மரபணுவே மாறியிருக்குமா? அது எனக்கு வந்திருக்குமா?

பதில்: விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில் இறங்கும் அந்தப் பெண்களின் உழைப்பின் மீது எனக்குள்ள மதிப்பை முதலில் பதிவு செய்கிறேன்.

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. உயிர்வளி (ஆக்சிஜன்) குறையும்போது மரபணுக்களின் இயக்கம் மாறுமா என்றால், மாறும். ஹெச்ஐஎஃப் என்ற புரதத்தை நம் செல்கள் எப்போதும் உற்பத்தி செய்துகொண்டேயிருக்கின்றன. உயிர்வளி போதிய அளவு இருக்கும்வரை, அதே உயிர்வளியைக் கொண்டு அதன் மீது ஒரு வேதிக்குறி இடப்பட்டு, அக்குறியை விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அடையாளம் கண்டு, சில நிமிடங்களில் அதை அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. உயிர்வளி குறைந்தால் குறியிட முடியாது. அழியாமல் தப்பிய ஹெச்ஐஎஃப் உட்கருவுக்குள் சென்று, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின், புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கும் காரணிகள் முதலியவற்றின் மரபணுக்களை இயக்குகிறது. இதைத் துலக்கிய கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவரும் 2019-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்கள். இரவும் பகலும் பயன்படாத ஒரு புரதத்தைச் செய்து செய்து அழிப்பது வீண் என்று தோன்றும். மூச்சு முட்டும் கணத்தில் புதிதாகத் தொடங்கிக் காலம் கடத்தாமல், கையிலிருப்பதை அழிக்காமல் விட்டாலே போதும் என்பதுதான் அதன் பயன். செல்லின் ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஆனால் மூச்சடக்கி ஒரு முறை மூழ்கி எழும் நேரம் மிகக் குறுகியது. அந்நேரத்தில் உடனே உதவுவது மரபணு அன்று. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் தேங்கிய சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுவதும், இதயத் துடிப்பு தணிவதும்தான். மரபணு வழியாக ஏற்படும் மாற்றத்துக்கு மணிக்கணக்கும், புதிய சிவப்பணு பெருக நாள்கணக்கும் வேண்டும். அவ்வாறு மாறுவதும் மரபணுவின் வெளிப்பாடுதானே தவிர, மரபணுவின் எழுத்து அன்று. ஆகவே, அம்மா மூச்சடக்கிப் பழகியதால் அவரது மரபணு மாறி உங்களுக்கு வந்திருக்காது.

மூன்றாவது கேள்வி, தலைமுறை தலைமுறையாக மூழ்கும் ஒரு சமூகத்தில் மரபணு வேறுபாடு பரவியிருக்கக்கூடுமா என்பது. தென்கிழக்காசியக் கடல்களில் வாழும் பஜாவு மக்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, அவர்களின் மண்ணீரல் அண்டைச் சமூகத்தாரதைவிடச் சுமார் 50% பெரியது என்று காட்டியது. மூழ்கும் தொழிலுக்கே போகாத பஜாவு மக்களிடமும் அது பெரிதாக இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் உயிர்நாடி. பயிற்சியால் வந்ததாயின் அவர்களிடம் இருந்திருக்காது. அதோடு தொடர்புடையதாகத் தென்பட்ட மரபணுக்களில் ஒன்று பிடிஇ10ஏ. பாம்பன் ஆசிரியைக்குச் சொன்ன சைக்ளிக் ஏஎம்பியை உடைத்துச் செய்தியை முடித்துவைக்கும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு அது. ஆயினும் ஒருவரின் பழக்கம் பிள்ளைக்கு இறங்கியதாக இதைப் படிக்கக் கூடாது. முன்பே சிலரிடம் இருந்த வேறுபாடு, கடல் வாழ்வில் அவர்களுக்கு உதவியதால் பல தலைமுறைகளில் பெருகியது என்பதே பொருள். பஜாவு மக்களிடம் கண்டதைச் சின்னப்பாலத்துக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் அவசியம் சொல்லுங்கள். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுவதால் உயிர்வளி பெரிதாகக் கூடாது. கரியமில வாயுதான் குறைகிறது. ‘மேலே வா’ என்று மூளையைத் தவிக்கவைப்பது அந்த வாயுவே. அது குறைந்துபோனால், தவிப்பே தெரியாமல் நீருக்குள் நினைவிழக்க நேரிடும். தனியே மூழ்காதிருப்பதும், எழுந்தபின் போதிய ஓய்வெடுப்பதும் உயிரைக் காக்கும்.

இதே ஹெச்ஐஎஃப் ஆய்விலிருந்து மருந்துகளும் வந்துவிட்டன. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக, ஹெச்ஐஎஃப் அழியாமல் காக்கும் டெசிடுஸ்டாட் என்ற மாத்திரை இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு 2022-இல் ஒப்புதல் பெற்றது. அதற்கு நேர்மாறாக, விஹெச்எல் பழுதுபட்டுச் சிறுநீரகக் கட்டி வளரும் நோயாளிகளுக்கு ஹெச்ஐஎஃப்-ஐ அடக்கும் பெல்சுடிஃபான் தரப்படுகிறது. ஒருவருக்குக் காக்க வேண்டிய அதே புரதத்தை இன்னொருவருக்கு அடக்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்திலிருந்து ஒரு மாணவர்: ஒரு செல்லில் எந்த மரபணு இயங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். அதற்குக் கடலே இரு வகையில் உதவியிருக்கிறது.

வலையில் சொறி எனப்படும் ஜெல்லிமீன் ஏறினால் சலித்துக்கொண்டு உதறிவிடுவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் அவ்வகை உயிரி ஒன்றிலிருந்து, நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்தார். அதன் மரபணுவை, ஆராய வேண்டிய மரபணுவின் இயக்கப் பகுதியோடு இணைத்துவிட்டால், அந்த மரபணு எந்தச் செல்லில் இயங்குகிறதோ அந்தச் செல் பச்சையாக ஒளிரும். மார்ட்டின் சால்ஃபி 1994-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் நரம்புச் செல்களில் இதைச் செய்து காட்டினார். ரோஜர் சியன் அதிலிருந்து பல நிறங்களை உருவாக்கினார். மூவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகியோர் மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் சிறு ஆர்என்ஏவைக் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டதும் அதே புழுவில்தான். ஆர்என்ஏவாகப் படியெடுத்த பிறகும் புரதமாகாமல் தடுக்கும் ஓர் ஏற்பாடு செல்லுக்குள் உண்டு என்பதை அது காட்டியது. அவ்விருவருக்கும் நோபல் பரிசு 2024-இல்தான் வந்தது.

இரண்டாவது உதவி, பாசி. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், கூழாக உறையும் அகர் என்ற பொருளைச் செய்யப் போகின்றன என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகி நுண்ணுயிர் வளர்ப்பு கெட்டுக்கொண்டிருந்தபோது, சமையலில் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர், அங்கே பணிபுரிந்த ஒருவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே, ஆண்டு 1881. அகரிலிருந்து பிரித்தெடுக்கும் அகரோஸில்தான் இன்று உலகெங்கும் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தூளைக் கரைசலில் போட்டுத் தெளியும்வரை சூடாக்கி, தட்டில் ஊற்றி, ஒரு முனையில் சீப்பைச் செருகி ஆறவிட வேண்டும். உறைந்ததும் சீப்பை நேராகத் தூக்கினால் வரிசையாகச் சிறு குழிகள் நிற்கும். பதற்றத்தில் சாய்த்து இழுத்தால் குழியின் அடி கிழிந்துவிடும். நீலச் சாயம் கலந்த டிஎன்ஏவைக் குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏ நேர்முனையை நோக்கி நகரும்; சிறு துண்டுகள் முந்திச் செல்லும், பெரியவை பின்தங்கும். முதல் முறை அந்தக் கோடுகள் புற ஊதா ஒளியில் தெரியும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நீங்களும் அடைய வேண்டும்.

அளவையும் அறிய விரும்பினால், கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ஆர்டி–பிசிஆர் முறையே பயன்படுகிறது. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவார்கள். ‘சிடி மதிப்பு’ என்று அப்போது பேசப்பட்டது, ஒளி தென்படுவதற்குத் தேவைப்பட்ட சுற்றுகளின் எண்ணிக்கை. இரண்டு மாதிரிகளுக்கிடையே 10 சுற்று வேறுபட்டால், அளவில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: கடற்பாசிப் பொடி ஒன்று விற்கிறார்கள். ‘செல் சமிக்ஞைகளைச் சீராக்கும், புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது ஆய்வுக்கூடத்தில் நிரூபணம்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. என் அண்ணனுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். அண்ணனின் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதைத் தருவது அறவே கூடாது. சிகிச்சையோடு சேர்த்துத் தருவதையும் அவருடைய மருத்துவர் அறியாமல் செய்யாதீர்கள்.

அட்டையில் உள்ள வாசகம் பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டில் வளர்த்த புற்றுச்செல்லின் மீது ஊற்றினால் அதைக் கொல்லும் பொருள்கள் எண்ணற்றவை; துணி வெளுக்கும் திரவமும் கொல்லும். கேட்க வேண்டியவை வேறு. விழுங்கிய பொருள் குடலைக் கடந்து, கல்லீரலில் சிதையாமல், கட்டி இருக்கும் இடத்துக்கு அந்த அளவில் போய்ச் சேர்கிறதா? சேர்ந்தால், பக்கத்திலிருக்கும் நல்ல செல்லை விட்டுவைக்கிறதா? ‘சமிக்ஞையைச் சீராக்கும்’ என்றால் எந்தச் செல்லில், எந்தச் சமிக்ஞையை? ஒரு செல்லில் பெருக்கத்தை நிறுத்தும் செய்தி இன்னொரு செல்லில் பெருக்கத்தைத் தூண்டக்கூடும். இக்கேள்விகளுக்கு விடை சொல்லாத அட்டையை நம்பி நோயாளியின் பணத்தையும் காலத்தையும் பறிப்பதை நான் மன்னிக்கத்தகாத செயலாகக் கருதுகிறேன்.

உங்கள் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் கராஜீனன், ஐஸ்கிரீம் போன்ற உணவுகளைக் கெட்டியாக்கச் சேர்க்கப்படுகிறது. அதே கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் பாதம் வீங்குகிறது. வீக்கம் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்க 1962 முதல் இம்முறை வழக்கத்தில் உள்ளது. பொருள் ஒன்று, சென்ற வழியும் சேர்ந்த இடமும் வேறு என்பதால் விளைவும் வேறு. பாசியைப் பொறுத்தவரை அயோடினையும் நினைவில் வைக்க வேண்டும். சில வகைகளில் அது மிக அதிகம், அளவு மீறினால் தைராய்டு பாதிக்கப்படும்.

கடல் மருந்து தராது என்று நான் சொல்லவில்லை. கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் 1950-களில் கண்ட மூலக்கூறுகளின் வழியில் உருவான சைட்டராபின், 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. கூம்பு நத்தை ஒன்றின் நஞ்சைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்த சிக்கோனோடைடு, நரம்பு முனையின் கால்சியம் வாயிலை அடைத்து, வேறெதற்கும் அடங்காத வலியைத் தணிக்கிறது. 2004-இல் ஒப்புதல் பெற்றது. அதையும் விழுங்க முடியாது. தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும். (இக்குடும்பத்து நத்தைகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அழகாயிருக்கிறதென்று உயிருள்ள கூம்பு நத்தையைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள். சிலவற்றின் கொட்டு உயிரையே பறிக்கும்.) இந்த மருந்துகள் எல்லாம் ஒரே மூலக்கூறாகப் பிரிக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, மனிதர்களிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே நோயாளியிடம் வந்தவை.

இராமேசுவரத்திலிருந்து ஒரு வாசகர்: அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். எனக்கும் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்கிறார்கள். மரபணுவில் எழுதியிருக்கும்போது நடந்து என்ன பயன்?

பதில்: பயன் உண்டு. இவ்வகை நோயில் ஒரு மரபணு மட்டும் முடிவு சொல்வதில்லை. 2006-இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் வேறுபாடு வலுவானவற்றுள் ஒன்று, அதுவே ஒரு பிரதிக்குச் சுமார் 1.4 மடங்குதான் வாய்ப்பைக் கூட்டுகிறது. இன்சுலின் தசைச் செல்லின் ஏற்பியைத் தொட்டதும், உள்ளே காத்திருக்கும் குளூட்-4 என்ற புரதங்கள் மேலுறைக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. உங்களைப் போன்றோரிடம் மந்தமாவது அந்தச் செய்திவழிதான். தசை சுருங்கும்போது, இன்சுலின் வழியைச் சாராத இன்னொரு வழியாக அதே குளூட்-4 மேலே வருகிறது. நடப்பது அந்த இரண்டாம் வழியைப் பயன்படுத்துகிறது.

சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3%. எல்லோரையும் அது காப்பாற்றவில்லை என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன. ஆகவே நடந்தாலும் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஹெச்பிஏ1சி சோதனை, சிவப்பணுவில் படிந்த சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைக் காட்டும். இப்போது ஒரு முறையும், நடக்கத் தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் எடுத்து, இரண்டு சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.